பிரிட்ஜ்ல ஒட்டுன அஞ்சு மில்லி

போன வருஷம் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடந்துக்கிட்டிருந்த நேரம். மதுரையில வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவுல எங்க வீடு. நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில வேதியியல் டீச்சர். அன்னைக்கு எனக்குக் கீழக்குயில்குடி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வெளித்தேர்வாளர் டூட்டி. வேற பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்க பிள்ளைக செய்யுற பரிசோதனையைப் பாத்து மார்க் போடணும். எங்க ரெண்டு வயசுப் பொண்ணுக்கு முந்தின நாள் சாயங்காலமே காய்ச்சல் வந்துருச்சு. ஆனா இந்த டூட்டிக்கு லீவு கேட்டா, "எல்லார் வீட்டுலயும்தான் பிள்ளைக இருக்கு டீச்சர்"னு ஒரே வரியில வாயை அடைச்சிருவாங்க. வீட்டுக்காரருக்குத் திருப்பூர்ல வேலை, சனிக்கிழமைதான் வருவார். பாப்பாவைப் பாத்துக்கிட்டது எங்க தெருவுலயே இருக்குற ஒரு அக்கா. காலையில ஏழரைக்கு வந்தா நான் திரும்புற வரைக்கும் இருப்பாங்க.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிர்றேன். நான் கொஞ்சம் கறாரான ஆளு. கொஞ்சம்னு நான் சொல்றேன், எங்க வீட்டுக்காரரைக் கேட்டா வேற மாதிரி சொல்லுவார். பாப்பாவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்குனாக்கூட, திருப்பிப் பின்னாடி இருக்குற பொடி எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். பாமாயில் இருக்கா, சர்க்கரை எம்புட்டு, மைதாவைக் கோதுமைன்னு ஏமாத்துறானா, எல்லாம் பாத்துட்டுத்தான் கூடையில போடுவேன். தண்ணி குடிக்க ஒரு சிப்பர் வாங்க மூணு நாள் ரிவியூ படிச்சவ நான். "நீ பிஸ்கட் வாங்கி முடிக்கிறதுக்குள்ள பாப்பா காலேஜ் போயிரும்"னு அவர் கிண்டல் பண்ணுவார். வேலைக்குப் போற அம்மா பிள்ளையைச் சரியாப் பாக்குறதில்லன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாதுங்கிற வீம்பு எனக்கு.

அந்த வீம்புல பொறந்ததுதான் எங்க வீட்டு பிரிட்ஜ் மேல ஒட்டியிருந்த அட்டவணை. கம்ப்யூட்டர்ல தமிழ்ல அடிச்சு, லேமினேட் பண்ணி ஒட்டியிருந்தேன். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்குத் தூக்கம், டிவி கூடாது, பாப்பா தூங்கும்போது போன் சைலண்ட்ல இருக்கணும், காலிங் பெல் சுவிட்சை அமத்தி வைக்கணும். அக்கா அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பாங்க. கடைசி வரி: காய்ச்சல் வந்தால் காய்ச்சல் மருந்து ஐந்து மில்லி, காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது. அது டாக்டர் எப்பவோ எழுதிக் குடுத்த அளவு.

அதுக்கு முந்தின மாசம் ஒருநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப, அக்கா பதினொரு மணி மருந்தைக் குடுக்கல. "தொட்டுப் பாத்தேன் டீச்சர், மேலு சில்லுன்னு இருந்துச்சு. அதான் எதுக்கு வெறுமனே மருந்துன்னு விட்டுட்டேன்"னாங்க. அவங்க செஞ்சது தப்பே இல்ல. ஆனா எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! "உங்க இஷ்டத்துக்கு எதையும் மாத்தாதீங்க. எழுதுனதை எழுதுனபடி செய்யுங்க, போதும். சும்மா சும்மா டூட்டி நேரத்துல எனக்குப் போனும் போடாதீங்க"ன்னு கத்திட்டேன். மறுநாள்லருந்து அவங்க போன்ல அலாரம் வச்சிக்கிட்டாங்க. பதினொண்ணுன்னா பதினொண்ணுதான், ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஆகாது. நமக்கு ஒரே பெருமை.

இப்ப அந்த நாளுக்கு வாரேன். காலையில ஆறு மணிக்கு நானே மருந்து குடுத்தேன். பாட்டில் காலி. அக்கா வந்ததும் பாப்பாவை அவங்க கையில குடுத்துட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியோட ஒட்டுன மெடிக்கலுக்கு ஓடுனேன். எட்டரைக்குள்ள நான் கீழக்குயில்குடியில இருக்கணும். கடைக்காரர் தேடிப் பாத்துட்டு, "சிரப் தீந்துருச்சு மேடம், சொட்டு மருந்துதான் இருக்கு. அதே மருந்துதான். குழந்தைக்கு என்ன வயசு?"ன்னார். நான் மணியைப் பாத்துக்கிட்டே, "அதே மருந்துதான, குடுங்கண்ணே, நேரமாச்சு"ன்னு வாங்கிட்டேன். அவர் கேட்ட வயசுக்குப் பதில் சொல்லல. டப்பாவைத் திருப்பிப் பாக்கல. பிஸ்கட்டுக்குப் பாத்தவ, மருந்துக்குப் பாக்கல. வீட்டு வாசல்ல வண்டியை அணைக்காமயே, "அக்கா, புது மருந்து. பதினொரு மணிக்கு, எழுதியிருக்கபடி"ன்னு டப்பாவை நீட்டிட்டுக் கிளம்பிட்டேன். அக்கா டப்பாவை வாங்கிட்டு என்னமோ கேக்க வாயெடுத்தாங்க. நான் நிக்கல.

மத்தியானம் ரெண்டாவது பேட்ச். போனை அங்க தலைமையாசிரியர் ரூம்ல வச்சிட்டு லேபுக்குள்ள நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு பொண்ணு உப்பு ஆய்வு பண்ணிக்கிட்டிருந்துச்சு. அதுக்கு ஒரே பரீட்சைப் பயம். நீர்த்த அமிலம் ஊத்த வேண்டிய இடத்துல, பக்கத்துல இருந்த அடர் அமில பாட்டிலை எடுத்துச் சாய்க்கப் போச்சு. நான் பாஞ்சு போய்க் கையைப் பிடிச்சிட்டேன். அது முழிச்சிக்கிட்டே, "ரெண்டும் அதே ஆசிட்தான மிஸ்?"னு கேட்டுச்சு.

"பேரு ஒண்ணா இருந்தாப் போதுமாம்மா? இதுல ஒரு சொட்டுன்னா..."

அம்புட்டுதான். சொட்டு. சொட்டு மருந்து. அதே மருந்துதான் மேடம்.

கைக்குழந்தைக சிரப்பைத் துப்பிரும்னு, கொஞ்சூண்டு குடுத்தாலே போதுங்கிற மாதிரி சொட்டு மருந்தை அடர்த்தியாச் செஞ்சிருப்பாங்க. இது எனக்குத் தெரியாததா? பாப்பா கைக்குழந்தையா இருந்தப்ப நானே சொட்டு அளக்குற அந்தச் சின்ன உறிஞ்சியில எடுத்து, ஒரு மில்லிகூட முழுசா இல்லாமக் குடுத்திருக்கேன். இப்ப வீட்டுல அட்டவணை அஞ்சு மில்லிங்குது. அக்கா பழைய சிரப் மூடியிலதான் அளப்பாங்க. எழுதுனதை எழுதுனபடி செய்வாங்க. பதினொரு மணி போய் ரொம்ப நேரமாச்சு. மணியைப் பாத்தேன், ரெண்டே முக்கால். அடுத்த வேளை நாலு மணி.

அங்க உள்தேர்வாளரா இருந்த டீச்சர்கிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். சொன்னேனா, உளறுனேனான்னு தெரியல. அவங்க என் கையிலருந்த பேனாவை வாங்கி மேஜையில வச்சாங்க. "ஹெச்.எம். கிட்ட நான் பேசிக்கிறேன், வேற ஆளு போடுவாங்க. நீங்க முதல்ல போனை எடுங்க, போங்க"ன்னாங்க. அவங்களை அதுக்கு முன்னாடி பாத்ததும் இல்ல, பின்னாடி பாக்கவும் இல்ல. நல்லா இருக்கணும் அவங்க.

அக்காவுக்குப் போட்டேன். மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மறுபடி போட்டேன். எடுக்கல. ஏன் எடுக்கலன்னு எனக்கே தெரியும். ரெண்டுலருந்து நாலு வரைக்கும் பாப்பா தூங்குற நேரம். போன் சைலண்ட்ல இருக்கணும்னு எழுதி ஒட்டுனது நான்தான். மாடியில இருக்குற வீட்டு ஓனரம்மாவுக்குப் போட்டேன். அவங்க பரமக்குடியில ஒரு கல்யாணத்துல இருந்தாங்க, பின்னாடி நாயனச் சத்தம், நான் சொல்றது அவங்களுக்குக் கேக்கவே இல்ல. பாப்பாவுக்கு வழக்கமாக் காட்டுற ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். அங்க இருந்த சிஸ்டர், "இனி ஒரு சொட்டுக்கூடக் குடுக்காதீங்க. குழந்தையையும் மருந்து பாட்டிலையும் எடுத்துக்கிட்டு உடனே வாங்க"ன்னு சொன்னாங்க. யார்கிட்ட சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல.

வண்டியை எடுத்தேன். நாகமலை தாண்டி, காளவாசல் வந்து, பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசலா இருக்கும்னு நினைச்சு வைகை ஆத்தைத் தாண்டிக் கோரிப்பாளையம் வழியா விட்டேன். அங்க பாலம் வேலை நடக்குறதால வண்டிக எறும்பு மாதிரி ஊருதுன்னு மதுரைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துல புத்தி எங்க வேலை செஞ்சுச்சு? அங்க இருக்குற தர்காவுக்குக் கொஞ்சம் முன்னாடி அசையாம நின்னுட்டேன். மூணு இருபத்தஞ்சு. முன்னாடி ஒரு டவுன் பஸ், ரெண்டு பக்கமும் ஆட்டோ. போனை எடுத்துப் பாத்தா, நான் போட்ட கால் பதினாலு. அங்கருந்து ஒண்ணுகூடத் திரும்ப வரல.

பாப்பா எடை எம்புட்டு, சொட்டு மருந்துல ஒரு மில்லிக்கு எம்புட்டு மருந்து இருக்கும்னு மனசு தானாக் கணக்குப் போட ஆரம்பிச்சிருச்சு. நாலு மடங்குன்னு விடை வந்துச்சு. இன்னொரு வேளையும் சேந்தா? அதுக்கு மேல நான் கணக்குப் போடல. ஹாரனை அமுக்கிக்கிட்டே அழுதேன். பக்கத்து ஆட்டோக்கார அண்ணன் முதல்ல, "என்னம்மா, பறந்தா போவ முடியும்?"னு முறைச்சார். என் மூஞ்சியைப் பாத்தவர், கீழ இறங்கி நின்னு, முன்னாடி இருந்த ரெண்டு வண்டியை ஒதுங்கச் சொல்லி எனக்கு ஒரு சந்து விட்டார். "பாத்துப் போத்தா, விழுந்துராத"ன்னு சொன்னது காதுல விழுந்துச்சு.

குருவிக்காரன் சாலைப் பாலம் ஏறி, தெப்பக்குளத்தைச் சுத்தி, எங்க தெருவுக்குள்ள நுழையும்போது மூணு அம்பத்தி நாலு. கிரில் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கு. பெல்லை அமுக்குறேன், சத்தமே வரல. அதையும் அமத்தி வைக்கச் சொன்னது நான்தான? ரெண்டு கையாலயும் கிரில்லைப் பிடிச்சு ஆட்டுனேன். "அக்கா! அக்கா!"ன்னு நான் போட்ட கூப்பாட்டுக்கு எதிர்வீட்டு ஜன்னல்லாம் திறந்துச்சு.

அக்கா பதறி ஓடி வந்தாங்க. இடது கையில சாவி. வலது கையில மருந்து மூடி, விளிம்பு வரைக்கும் ஊத்தி வச்ச மருந்தோட.

"என்ன டீச்சர்? என்ன ஆச்சு? நாலு மணியாக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே, அதான் ஊத்தி வச்சிட்டு அலாரம் அடிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்"னாங்க.

நான் கிரில்லுக்குள்ள கையை விட்டு அந்த மூடியைத் தட்டிவிட்டேன். தரையெல்லாம் ரோஸ் கலர்ல சிந்துச்சு. பாப்பா கட்டில்ல முழிச்சிக்கிட்டுச் சோந்து போய்க் கிடந்துச்சு. ரெண்டு தடவை வாந்தி எடுத்துச்சாம். காய்ச்சல்னு அக்கா நினைச்சிக்கிட்டாங்க. நான் தூக்கினதும் தோள்ல தலையைச் சாய்ச்சிக்கிச்சு. வழக்கமா நான் வந்தா கூத்தாடுற பிள்ளை. பாட்டிலை எடுத்தேன். சின்ன பாட்டில்ல அடியில கொஞ்சம்தான் மிச்சம். டப்பாவுக்குள்ள அந்த உறிஞ்சி, கவர் பிரிக்காம அப்படியே இருந்துச்சு.

அக்காவைப் பின்னாடி உக்கார வச்சு, பாப்பாவை அவங்க மடியில குடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எடை பாத்தார், பாட்டிலைப் பாத்தார், மணியைக் கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். "ஒரு வேளையோட நின்னது நல்லதாப் போச்சு. இன்னொரு வேளை, அதுக்கப்புறம் ராத்திரி ஒண்ணுன்னு போயிருந்தா ஈரலுக்கு ஆபத்து. ரிசல்ட் வரட்டும், நாளைக்குக் காலையில வரைக்கும் இங்கயே இருக்கட்டும்"னார். அப்புறம் நிமிந்து பாத்து, "யாரு இந்த அளவு குடுத்தது?"ன்னு கேட்டார்.

"நான்தாங்கய்யா"ன்னாங்க அக்கா.

"ஏம்மா, படிக்கத் தெரியலன்னா யாரையாச்சும் கேக்க மாட்டியா? குழந்தை உசிரோட விளையாடுறியா?"

அக்கா தலையைக் குனிஞ்சிக்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கல. இங்கதான் இந்தக் கதையோட கஷ்டமான இடம், மறைக்காமச் சொல்றேன். "அவங்க மேல தப்பில்ல சார், வாங்கினது நான், எழுதி ஒட்டுனது நான்"னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? சொல்லல. ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் பிள்ளைக்கு மருந்து அளவு தெரியாமப் போச்சுன்னு அந்த டாக்டர் நினைச்சிருவாரேன்னு இருந்துச்சு. பிள்ளை கையில ஊசி குத்திக்கிட்டிருக்காங்க, அந்த நேரத்துலயும் எனக்கு என் மானம்!

வராண்டாவுக்கு வந்ததும் வீட்டுக்காரர் போன் வந்துச்சு. விஷயத்தைச் சொன்னேன். அக்கா அதிகமாக் குடுத்துட்டாங்கன்னு சொன்னேன், ஏன்னு சொல்லல. அவர் பதறிப்போய், "உடனே பஸ் ஏறுறேன். அந்தம்மாவை நாளையிலருந்து வர வேண்டாம்னு சொல்லிரு"ன்னார். நான் "ம்"னேன்.

போனை வச்சிட்டுத் திரும்பினா, அக்கா பெஞ்ச் நுனியில உக்காந்திருக்காங்க. அவர் பேசினது அவங்களுக்குக் கேட்டிருக்கும். நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். அவங்க என்னைப் பாக்காம, பாப்பாவோட செருப்பைக் கையில வச்சிக்கிட்டு மெதுவாச் சொன்னாங்க.

"பாட்டில் சின்னதா இருக்கேன்னு எனக்கு அப்பவே தோணுச்சு டீச்சர். உள்ள உறிஞ்சி வேற இருந்துச்சு. உங்களைக் கேக்கலாம்னு போனை எடுத்தேன். டூட்டி நேரத்துல போடாதீங்கன்னு சொன்னீகள்ல, திட்டுவீகளோன்னு வச்சிட்டேன். நான் கேட்டிருக்கணும்."

கேட்டிருக்கணும்னு அவங்க அவங்களையே திட்டிக்கிறாங்க! கேக்குற வாயை அடைச்சவ நானு பக்கத்துல உக்காந்திருக்கேன். அழுகைன்னா அழுகை, அப்படியொரு அழுகை எனக்கு. சிஸ்டர் ஓடி வந்து பாப்பாவுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டாங்க. நான் எந்திரிச்சு நேரா டாக்டர் ரூமுக்குள்ள போனேன். வேற ஒரு குழந்தையைப் பாத்துக்கிட்டிருந்தார். அது பாட்டுக்கு இருக்கட்டும்னு, "சார், அவங்க குடுக்கல. நான்தான் குடுக்க வச்சேன்"னு நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன், நான் என்ன வேலை பாக்குறேங்கிறது வரைக்கும். அவர் ஒண்ணும் கேலி பண்ணல. "வேலை அவசரத்துல இந்த மாதிரி நிறைய பேர் வாராங்கம்மா. ஒத்துக்கிட்டுச் சொல்றவங்க கம்மி"ன்னார். அப்புறம் வெளிய வந்து அக்காகிட்ட, "மன்னிச்சிக்கோங்கம்மா, தெரியாமப் பேசிட்டேன்"னார். அக்கா எழுந்து நின்னு கும்பிட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அந்த "ம்"மைத் திருப்பி வாங்கினேன். அவர், "சரி, அக்கா சாப்பிட்டாங்களா, கேளு"ன்னார்.

ஏழு மணிக்கு ரிசல்ட் வந்துச்சு. பயப்பட ஒண்ணும் இல்லன்னாங்க. மறுநாள் காலையில இன்னொரு தடவை ரத்தம் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பாப்பா வண்டியில ஏறினதும் பிஸ்கட் கேட்டுச்சு. நான் வாங்குனேன். அன்னைக்கு மட்டும் பாக்கெட்டைத் திருப்பிப் பாக்கல.

அக்கா அதுக்கு மறுநாள் வரல. இனிமே வர மாட்டாங்களோன்னு நினைச்சு அவங்க வீட்டுக்கே போனேன். வாசல்ல நின்னு, "அக்கா, நீங்க இல்லாம முடியாது. தப்பு பூராவும் என்னோடது"ன்னு சொன்னேன். "வாரேன் டீச்சர். ஆனா ஒண்ணு, எனக்குத் தோணுனா நான் கேப்பேன். நீங்க சுள்ளுன்னு விழக் கூடாது"ன்னாங்க. சரின்னு தலையாட்டுனேன். அன்னைக்கே லேமினேட் அட்டவணையைக் கிழிக்க முடியாமக் கத்திரிக்கோலால வெட்டிப் போட்டேன்.

இப்ப பிரிட்ஜ்ல ஒரு துண்டுத் தாள்தான் ஒட்டியிருக்கு, என் கையெழுத்துல: "சந்தேகமா இருந்தா எந்த நேரமும் கூப்பிடுங்க. எடுப்பேன்." எங்க பள்ளிக்கூடத்துலயும் சொல்லி அனுமதி வாங்கி, போனை மேஜை டிராயர்ல வச்சிருக்கேன். அக்கா சொன்ன வாக்கைக் காப்பாத்துறாங்க, கேக்குறாங்க, கேக்குறாங்க, கேட்டுக்கிட்டே இருக்காங்க! போன வாரம் அடர் அமிலம், நீர்த்த அமிலம் பாடம் நடத்திக்கிட்டிருக்கும்போது போன் அடிச்சிச்சு. "டீச்சர், இந்தப் புது சோப்பு வாசம் வேற மாதிரி இருக்கே, பாப்பாவுக்குப் போடலாமா?"

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சிச்சு. "கவரைப் படிச்சுச் சொல்லுங்கக்கா"ன்னேன். அவங்க எழுத்துக் கூட்டிப் படிக்க, நான் சாக்பீஸும் கையுமா நின்னு கடைசி வரி வரைக்கும் கேட்டேன். அந்த மூடியில நாலு மணி மருந்து ததும்பி நின்னது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அக்கா போன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும், அன்னைக்குக் காலையில அவங்க எடுத்துட்டுத் திரும்ப வச்ச அந்தப் போன்தான் இப்ப எனக்கு வந்து சேருதுன்னு நினைச்சுக்குவேன்.